மேஜை டிராயரில் படுத்திருந்த நோயாளிகள்

நம் ஊர் மருத்துவமனை வார்டில் பெயரை மட்டும் நம்பி மருந்து கொடுக்க முடியாது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். கே. லட்சுமி, எம். லட்சுமி, லட்சுமியம்மாள் என்று மூன்று பேர் ஒரே வார்டில் படுத்திருப்பது சாதாரணம். அதிலும் ஒருவருக்கு ஆதார் அட்டையில் அப்பா இனிஷியல் இருக்கும், இன்சூரன்ஸ் அட்டையில் கணவர் இனிஷியல் இருக்கும். "லட்சுமியம்மாங்களா?" என்று கேட்டால் காது மந்தமான பாட்டியும் "ஆமாங்க" என்பார், தூக்கக் கலக்கத்தில் இருப்பவரும் "ஆமாங்க" என்பார், சிஸ்டரிடம் மறுத்துப் பேசக் கூடாது என்று நினைப்பவரும் "ஆமாங்க" என்பார். கட்டில் நம்பரையும் நம்ப முடியாது. ஃபேன் காற்று படவில்லை, பாத்ரூம் தூரம் என்று அட்டெண்டர்களே பேசிவைத்துக்கொண்டு ராத்திரியில் இடம் மாற்றிக்கொள்வார்கள். விடியும்போது 12-ம் கட்டிலில் 14-ம் கட்டில்காரர் இருப்பார். கால்மாட்டில் தொங்கும் சார்ட் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

கொங்குப் பகுதியில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனையில், பொது மருத்துவ வார்டுக்கு இன்சார்ஜ் சிஸ்டராகப் பல வருஷம் இருந்தேன். நர்ஸிங் படிப்பில் ஆரம்பத்திலேயே ஐந்து 'சரி'களை மனப்பாடம் செய்ய வைப்பார்கள்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் காலை எட்டு மணி மருந்து நேரம் எப்படி இருக்கும் என்று அந்தப் பாடத்தில் இல்லை. ஒரு கையில் மருந்து டிரே, இன்னொரு கையில் சார்ட். டாக்டரின் கையெழுத்தை நைட் டியூட்டி பெண் ஒரு மாதிரிப் படித்துச் சார்ட்டில் ஏற்றியிருப்பாள். அதை நான் இன்னொரு மாதிரிப் படிப்பேன். நடுவில் ஒருவர் டிரிப்ஸ் தீர்ந்துவிட்டது என்று கூப்பிடுவார், ஒருவர் டிஸ்சார்ஜ் எப்போது என்று கேட்பார், போன் அடிக்கும். திரும்பி டிரேயைப் பார்க்கும்போது எந்தக் கப் யாருடையது என்று ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கும். தவறுகள் அந்த ஒரு நொடிக்குள்தான் நுழையும்.

எங்கள் வார்டுக்கு பார்கோடு ஸ்கேனர் வந்தபோது எனக்கு அது பிடிக்கவில்லை. என் கண்ணையும் நினைவையும் நிர்வாகம் சந்தேகப்படுகிறது என்றே தோன்றியது. பயிற்சி வகுப்பில் சொன்ன ஒரு தகவல்தான் என்னைக் கொஞ்சம் இளக வைத்தது. மருந்து கொடுக்கும் இடத்துக்கு பார்கோடைக் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை ஒரு நர்ஸுடையது. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலம் டொபீகாவில், முன்னாள் ராணுவத்தினருக்கான மருத்துவமனையில் வேலை பார்த்த சூ கின்னிக் என்பவர், 1992-ல் வாடகைக் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது ஊழியர் கையடக்க ஸ்கேனரால் காரைப் பதிவு செய்வதைப் பார்த்தார். காருக்கே இவ்வளவு கவனம் என்றால் நோயாளிக்கு ஏன் இல்லை என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. திட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, 1994-ல் ஒரு விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவருடன் வேலை பார்த்தவர்கள் அதை முடித்துக் காட்டினார்கள். 2000-ம் ஆண்டு வாக்கில் அந்த நாட்டின் முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனைகள் எல்லாவற்றுக்கும் அது பரவியது.

வேலை செய்யும் விதம் எளிது. முதலில் நர்ஸ் தன் அடையாள அட்டையைக் காட்டி உள்ளே நுழைய வேண்டும். அடுத்து நோயாளியின் மணிக்கட்டில் இருக்கும் பேண்டை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு மருந்தை. டாக்டர் கம்ப்யூட்டரில் போட்ட ஆர்டரோடு எல்லாம் பொருந்தினால் திரையில் பச்சை வரும். ஆள் மாறினாலோ, மருந்து மாறினாலோ, ஏற்கனவே கொடுத்த டோஸ் என்றாலோ சிவப்பு. ஐந்து 'சரி'களையும் ஒவ்வொரு தடவையும், களைப்பில்லாமல் கேட்கும் ஓர் ஆள் கூடவே நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. பாஸ்டனில் உள்ள பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் செய்த ஆய்வு 2010-ல் வெளியானது. 14,041 தடவை மருந்து கொடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நேரம் முன்னே பின்னே ஆவதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், ஸ்கேனர் இல்லாத வார்டுகளில் 11.5 சதவீதம் தவறு. ஸ்கேனர் உள்ள வார்டுகளில் 6.8 சதவீதம். ஆர்டரைப் பார்த்துச் சார்ட்டில் எழுதும்போது வரும் தவறு அறவே இல்லாமல் போனது. பேர்போன மருத்துவமனையிலேயே ஒன்பது டோஸில் ஒன்று ஏதோ ஒரு விதத்தில் பிசகியது என்பதைப் படித்தபோது, என் கண்ணும் நினைவும் எனக்குச் சற்றுச் சின்னதாகத் தெரிந்தன.

ஆனால் பாஸ்டனிலிருந்து எங்கள் வார்டுக்கு வரும் வழியில் ஒரு கத்தரிக்கோல் இருந்தது. நம் மருந்துகள் பட்டையாக வருகின்றன. ஒரு நோயாளிக்கு மூன்று மாத்திரை என்றால் ஃபார்மசியில் பட்டையை வெட்டி மூன்றைக் கொடுப்பார்கள். வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதி இருக்கும். காலாவதி தேதி இன்னொரு துண்டோடு போயிருக்கும். அமெரிக்காவில் 2004-ல் விதி வந்து, 2006-க்குள் மருத்துவமனைக்குப் போகும் பெரும்பாலான மருந்துகளின் லேபிளில் பார்கோடு வந்துவிட்டது. இங்கே 2023 ஆகஸ்ட் 1-க்குப் பிறகு தயாராகும் 300 முன்னணி பிராண்டுகளில் பார்கோடு அல்லது க்யூ.ஆர். கோடு கட்டாயம் என்று மத்திய அரசு ஆக்கியிருக்கிறது. போலி மருந்தைக் கண்டுபிடிக்க அது நல்ல ஏற்பாடு. ஆனால் பட்டையில் இடம் போதாவிட்டால் கோடு வெளி அட்டைப் பெட்டியில் இருந்தால் போதும். பெட்டி ஃபார்மசியிலேயே நின்றுவிடும். நோயாளியின் கட்டிலுக்கு வருவது ஒற்றை மாத்திரை. ஆகவே எங்கள் ஃபார்மசியே ஒவ்வொரு மாத்திரையையும் சின்னக் கவரில் போட்டு, லேபிள் அச்சடித்து ஒட்டியது.

அந்த லேபிள்கள்தான் முதல் தலைவலி. ஆம்பியூலின் வளைவில் ஒட்டினால் ஸ்கேனர் படிக்காது. நீளவாக்கில் ஒட்டினால் மருந்தின் பெயரையே மறைத்துவிடும். பாதி மாத்திரை கொடுக்க வேண்டிய மருந்துகளுக்கு முழு மாத்திரையின் லேபிளே வரும். பேண்டோ இன்னும் மோசம். உடம்பு துடைத்துவிட்ட பிறகு, சானிடைசர் பட்ட பிறகு, எழுத்து வெளிறிப்போகும். மெலிந்த பாட்டியின் மணிக்கட்டில் கோடு கையைச் சுற்றி வளைந்து நிற்கும். "சிஸ்டர், அம்மாவுக்குக் கை அரிக்குதுங்க, அதான் கழட்டி வெச்சுட்டோம்" என்று மகன் சட்டைப் பையிலிருந்து பேண்டை எடுத்துக் காட்டுவார். ராத்திரி பத்து மணிக்கு, போர்வைக்குள் கையை வைத்துத் தூங்குபவரை எழுப்பினால் நம்மைத்தான் முறைப்பார். கம்ப்யூட்டர் டிராலியின் ஒரு சக்கரம் சுற்றாது. கோடியில் உள்ள தனி அறையில் வைஃபை கிடைக்காது.

இதற்கெல்லாம் என் வார்டில் ஒரு குறுக்குவழி பிறந்தது. யார் முதலில் செய்தார்கள் என்று நான் கேட்கவில்லை. அட்மிஷன் போடும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்டிக்கர் தாள் வரும். ரத்தக் குழாயிலும் ஸ்கேன் ஃபாரத்திலும் ஒட்டுவதற்கு. அந்த ஸ்டிக்கரில் இருந்த பார்கோடும் பேண்டில் இருந்த பார்கோடும் ஒன்றே. நர்ஸ் ஸ்டேஷன் மேஜை டிராயரில், ஒரு அட்டையில் வார்டு முழுவதும் வரிசையாக ஒட்டப்பட்டிருந்தது. பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே ஸ்டிக்கரையும் மருந்தையும் ஸ்கேன் செய்துவிட்டு, பிறகு டிரேயைத் தூக்கிக்கொண்டு பழைய மாதிரியே கட்டில் கட்டிலாகப் போனார்கள். வகுப்பில் வராத நண்பனுக்காக 'உள்ளேன் ஐயா' சொல்வது மாதிரி, ஸ்டிக்கர் நோயாளிக்காக ஆஜர் சொன்னது.

அந்த அட்டையை நான் பார்த்திருந்தேன். பேனா தேடி டிராயரைத் திறக்கும்போதெல்லாம் அது கண்ணில் படும். மூடிவிடுவேன். மாதாந்திர அறிக்கையில் எங்கள் வார்டு ஸ்கேன் செய்யும் சதவீதம் மற்ற வார்டுகளைவிட உயரத்தில் இருந்தது. கூட்டத்தில் பெயர் சொல்லிப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. மேலே சொல்லிக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். இந்தக் கட்டுரையில் நான் ஒத்துக்கொள்ள வேண்டியது அவ்வளவுதான்.

ஒரு நாள் க்ளினிக்கல் ஃபார்மசிஸ்ட் பெண் ஒருத்தி, வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகாதவள், ஒரு தாளோடு வந்தாள். சதவீதத்தை எல்லாரும் பார்த்தார்கள்; அவள் நேரத்தைப் பார்த்திருக்கிறாள். காலை மருந்து ஸ்கேன் ஆன நேரம் வரிசையாக அச்சாகியிருந்தது. 8.02, 8.02, 8.03, 8.03, 8.04 என்று எட்டு நோயாளிகள் மூன்று நிமிஷத்துக்குள் முடிந்திருந்தார்கள். வார்டின் இந்தக் கோடியில் ஒருவர், அந்தக் கோடியில் ஒருவர்.

"மேடம், தப்பா நினைச்சுக்காதீங்க. இந்த எட்டுப் பேரும் ஒரே கட்டில்லயா படுத்திருந்தாங்க?"

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. மெமோ கொடுக்க வேண்டும், டிராயரைப் பூட்ட வேண்டும் என்று இருந்தது. அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தேன். மெமோ கொடுத்தால் அட்டை டிராயரிலிருந்து ஏப்ரன் பாக்கெட்டுக்குப் போகும், வேறொன்றும் நடக்காது. மறுநாள் காலை மருந்து டிரேயை நானே வாங்கிக்கொண்டேன். ஸ்டிக்கர் இல்லாமல், ஒவ்வொரு கையையும் பிடித்து ஸ்கேன் செய்துகொண்டே போவது என்று முடிவு.

மூன்றாவது கட்டிலிலேயே நின்றுவிட்டேன். பாட்டியின் பேண்ட் வெள்ளைக் காகிதமாகியிருந்தது. அடுத்தவருக்கு ஊசி போட்ட கை வீங்கியதால் பேண்டை வெட்டியிருந்தார்கள், புதிது கட்டவில்லை. அதற்கடுத்தவருக்கு ராத்திரி டாக்டர் போனில் சொன்ன ஆன்டிபயாடிக், ஃபார்மசியிலிருந்து வந்திருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் ஆர்டர் இல்லை. சிவப்பு. இன்னொருவருக்கு மருந்து சற்று முன்னதாகக் கொடுப்பதால் ஓர் எச்சரிக்கை. இந்த இரண்டுக்கும் திரையில் ஒரே நிறம், ஒரே சத்தம். நாள் முழுக்க ஒன்றுக்கும் உதவாத சிவப்பைத் தள்ளித் தள்ளிப் பழகிய விரல், ஆள் மாறிய சிவப்பையும் அதே வேகத்தில் தள்ளிவிடும். பாதி வார்டு முடிவதற்குள் பேட்டரி இறங்கியது. முடிக்கும்போது பத்து மணி ஊசிக்கு நேரமாகியிருந்தது. என் பிள்ளைகள் சோம்பேறிகள் இல்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது. அவர்கள் மருந்தை நேரத்துக்குக் கொடுக்கத்தான் அந்த அட்டையை வைத்திருந்தார்கள்.

இது எங்கள் ஊர் வியாதி மட்டும் இல்லை என்று அதே ஃபார்மசிஸ்ட் பெண் ஒரு கட்டுரையைக் கொடுத்தாள். அமெரிக்க மருத்துவமனைகளில் ராஸ் காப்பெல் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2008-ல் எழுதியது. ஸ்கேனரைச் சுற்றிப் போக நர்ஸ்கள் கண்டுபிடித்த வழிகள் 15 வகை. அதற்குக் காரணங்கள் 31 வகை. நனைந்த பேண்ட், மெல்லப்பட்ட பேண்ட், கோடு இல்லாத மருந்து, செத்துப்போன பேட்டரி, வைஃபை விழும் அறை. கூடுதலாக அச்சடித்த பேண்டை வேறு இடத்தில் வைத்து ஸ்கேன் செய்வதும் அதில் இருந்தது. எங்கள் டிராயரைத் திறந்து பார்த்து எழுதியது போலிருந்தது.

எங்களுக்குக் கைகொடுத்த முக்கியமான மாற்றம் மிகச் சின்னது. பேண்டில் வரும் கோடுக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்தார்கள். மருந்து கொடுக்கும் திரை அந்த எழுத்தோடு வரும் கோடை மட்டும் ஏற்றுக்கொள்ளும்; ஸ்டிக்கரின் கோடு லேபுக்கு மட்டும். டிராயரில் இருந்த அட்டை ஒரே நாளில் வெறும் காகிதமானது. ஆனால் அதற்கு முன்பே மற்றதைச் சரிசெய்யச் சொல்லி நான் பிடிவாதமாக நின்றேன். பேண்ட் அச்சடிக்கும் சின்ன மெஷினை வார்டிலேயே வைத்தார்கள். சானிடைசருக்கு அழியாத பேண்ட் வாங்கினார்கள். ஆம்பியூலுக்குக் கொடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் லேபிள் வந்தது. நேரத்துக்கான எச்சரிக்கை மஞ்சளானது. ஆள் மாறினாலும் மருந்து மாறினாலும் மட்டும் சிவப்பு. போனில் சொன்ன ஆர்டரை டியூட்டி டாக்டர் உடனே கம்ப்யூட்டரில் போட்டாக வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்கு டாக்டர்கள் முணுமுணுத்தார்கள். இன்னும் முணுமுணுப்பார்கள் என்று நினைக்கிறேன்.

முதல் மாதம் எங்கள் சதவீதம் விழுந்தது. கூட்டத்தில் காரணம் கேட்டார்கள். "இப்பத்தான் நிஜத்தைக் காட்டுது" என்றேன். அமெரிக்காவில் மருத்துவமனைகளைத் தரம் பார்க்கும் லீப்ஃபிராக் அமைப்பு, நோயாளி, மருந்து இரண்டையும் 95 சதவீத டோஸுக்காவது ஸ்கேன் செய்ய வேண்டும் என்கிறது. எண்ணிக்கை வேண்டியதுதான். ஆனால் அந்த எண் கட்டிலருகே பிறந்ததா, மேஜையருகே பிறந்ததா என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

ஸ்கேனர் ஒழுங்காக நடக்கும் வார்டிலும் அதற்குத் தெரியாதவை உண்டு. இன்சுலினை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள வயலும் இருக்கிறது, 100 யூனிட் உள்ளதும் இருக்கிறது. முதலாவதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்சு, இரண்டாவதற்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் வயலைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 20 இல்லை, 50 யூனிட். ஸ்கேனர் வயலைப் பார்த்துப் பச்சை காட்டும்; சிரிஞ்சில் எவ்வளவு இழுத்தோம் என்பது அதற்குத் தெரியாது. இன்சுலின் போட்ட பிறகும் இட்லி வரவில்லை என்பதும் தெரியாது. அதனால்தான் இன்சுலினுக்கும் ஹெப்பாரினுக்கும் இன்னொரு சிஸ்டர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நான் விடவே இல்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த பிரஷர் மாத்திரையை அட்டெண்டர் பையிலிருந்து எடுத்துக் கொடுப்பதையும் எந்த மெஷினும் பார்க்காது. டாக்டர் போட்ட ஆர்டரே தவறென்றால் அதையும் பச்சையாகத்தான் காட்டும்.

ஸ்கேனர் இல்லாத இடமும் அதே அளவு ஆபத்து. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில், ஸ்கேனுக்கு முன்னால் பதற்றம் தணிக்க ஒரு மூதாட்டிக்கு மிடசோலம் கொடுக்க வேண்டியிருந்தது. நர்ஸ் மருந்து அலமாரியின் தடையைத் தாண்டி எடுத்தது வெக்குரோனியம், தசைகளைச் செயலிழக்க வைக்கும் மருந்து. அந்தப் பகுதியில் பார்கோடு ஸ்கேனர் இல்லை. மூதாட்டி இறந்தார். 2022-ல் நீதிமன்றம் நர்ஸைக் குற்றவாளி என்றது; மூன்று வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பு தண்டனை. பாட்டிலில் இருந்த பெயரைப் படிக்காதது நர்ஸின் தவறு, அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவரைத் தண்டித்தால் அடுத்தவர் தன் தவறை வெளியில் சொல்ல மாட்டார். சொல்லாத வார்டில் டிராயர்கள் நிறைய இருக்கும்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஸ்கேனர் வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். மாதம் ஒரு தடவையாவது மருந்து நேரத்தில் ஒரு நர்ஸோடு கூடவே நடந்து பாருங்கள். எங்கே நிற்கிறாள், எதைத் தள்ளிவிடுகிறாள், ஏன் என்று கேளுங்கள். திட்டாமல் கேட்டால் அவளே சொல்லுவாள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: நீங்களோ உங்கள் வீட்டாரோ மருத்துவமனையில் சேர்ந்தால், கையில் கட்டிய பேண்டைக் கழற்றாதீர்கள். எழுத்து அழிந்தால் புதிது கேட்டு வாங்குங்கள். "நீங்க லட்சுமியா?" என்று கேட்டால் "ஆமாங்க" என்று நிறுத்தாமல், முழுப் பெயரையும் அப்பா பெயரையோ கணவர் பெயரையோ நீங்களே சொல்லுங்கள். சொல்லாமல் கட்டில் மாறாதீர்கள். வீட்டு மாத்திரைகளை முதல் நாளே சிஸ்டரிடம் காட்டிவிடுங்கள். உங்கள் மருத்துவமனையில் ஸ்கேனர் இருந்தால், மாத்திரை கைக்கு வருவதற்கு முன்னால் அது உங்கள் கையருகே சத்தம் போட்டதா என்று கவனியுங்கள். போடவில்லை என்றால், "ஏன் சிஸ்டர் ஸ்கேன் பண்ணலை?" என்று கேளுங்கள். நல்ல நர்ஸ் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.